கோட்டைச்சாமியின் நடுக்கம்

எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் சீட்டைச் சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவர் தணிகாசலம் முதலாளி. அன்று ஆன்லைன் போக்கர் போட்டியில் கடைசி இரண்டு பேரில் ஒருவராக வந்துவிட்டார். இன்னொருவன் யாரென்று பார்த்தால், வாசலில் காருக்குள் காத்துக் கிடந்தே ஆட்டம் பழகிய அவருடைய டிரைவர் கோட்டைச்சாமி!

"உள்ள வாடா. மிச்சத்தை என் முன்னால நின்னு ஆடு. தோத்தா கார் சாவியை வச்சிட்டு வீட்டுக்குப் போயிடு."

"ஜெயிச்சா, முதலாளி?"

"என்கிட்டயா?" முதலாளி சிரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டாளிகளும் சிரித்தார்கள்.

கோட்டைச்சாமிக்குப் போனைப் பிடித்த கை வெடவெடத்தது. முதல் ஆட்டத்தில் நடுங்கிக்கொண்டே விலகினான். அடுத்ததிலும் அப்படியே.

மூன்றாவதில் அவனுக்கு இரண்டு ஏஸ் வந்தன. திரையில் இருவருக்கும் பொதுவாக விரியும் சீட்டுகளில் இன்னொரு ஏஸ் விழுந்தது. அப்போதும் அவன் பந்தயத்தை ஏற்றவில்லை. முதலாளி கட்டக் கட்ட, அதே அளவு கட்டிக்கொண்டு நின்றான். கடைசிச் சீட்டு விழுந்த பிறகுதான், நடுங்கும் விரலால் இருந்த பந்தயச் சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளினான்.

"கை ஆடுறதப் பாருங்கய்யா! சீட்டே இல்லாம என்னை மிரட்டுறான்!" என்று முதலாளியும் மொத்தத்தையும் கட்டினார்.

திரையில் மூன்று ஏஸ் விரிந்தன. முதலாளியின் ஆட்டம் முடிந்தது.

"இவ்வளவு நல்ல சீட்டை வச்சுக்கிட்டு ஏண்டா நடுங்கினே?"

"உங்க முன்னால நான் எப்ப முதலாளி நடுங்காம நின்னிருக்கேன்?"

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் டீ கொண்டுவந்தார். அவர் ஏந்தியிருந்த தட்டில் கப்புகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன.