மயில்நீலக் கத்தி

ஆதன் கத்தியைக் கரி நெருப்பின் மேல் பிடித்துத் திருப்பினான். இரும்பு முதலில் வைக்கோல் நிறமானது. பிறகு செம்பழுப்பு. பிறகு கத்தரிப்பூ. இன்னும் கொஞ்சம் என்று கனலை ஊதினான்.

அவன் எந்த நாட்டவன் என்று கேட்பீர்கள். அந்த நாடு இப்போது இல்லை. அதை ஆண்ட அரசனின் பெயரும் இல்லை. ஆறு மட்டும் இருக்கிறது. அந்த ஆற்றில் ஆதனும் அவன் தம்பி வேட்டனும் தோணி விட்டார்கள்.

கரைக்குக் கரை ஒரு வடம் கட்டியிருக்கும். தோணியை ஒரு கயிற்றால் அந்த வடத்தோடு பிணைத்து, வடத்தை இழுத்து இழுத்து அக்கரை போவார்கள். வெள்ளம் வந்தால் அந்தக் கயிறே எமன். அறுத்துவிட்டால் தோணி நீரோடு போய் எங்காவது ஒதுங்கும். அறுக்காவிட்டால் வெள்ளம் அதைக் கவிழ்த்து அழுத்திவிடும். அதனால் ஒவ்வொரு தோணியிலும் ஒரு கத்தி இருக்கும். புறப்படும் முன் தோணிக்காரன் அதை உயர்த்திக் காட்டுவான். பழங்கயிற்றில் ஒரு துண்டு அறுத்து நீரில் போடுவான். அதைப் பார்த்த பிறகே ஆட்கள் உட்காருவார்கள்.

ஆதனின் கத்தி கறுப்பு. கொல்லன் கொடுத்தபடியே, உலைக்கரி படிந்து, பனங்கட்டைப் பிடியோடு இருந்தது. ஒருநாள் மோர் விற்கும் கிழவி கேட்டாள்:

"ஏம்ப்பா, இதை உலையிலேருந்து எடுத்தாங்களா, அடுப்புக்குள்ளேருந்து எடுத்தாங்களா?"

தோணி முழுக்கச் சிரித்தது. வேட்டனும் சிரித்தான். ஆதன் சிரிக்கவில்லை.

அன்று வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பனங்கட்டையைக் கழற்றினான். மான்கொம்பை அறுத்து, ராவி, துளையிட்டு, பித்தளை ஆணி அடித்துப் புதுப் பிடி போட்டான். மறுநாள் ஆட்கள் பிடியைப் பார்த்தார்கள். அது அவனுக்குப் போதவில்லை.

பிறகு செங்கல் பொடியால் தேய்த்தான். உமிச்சாம்பலால் தேய்த்தான். ஏழாம் நாள் கறுப்பு போய் இரும்பில் முகம் தெரிந்தது.

"அண்ணே, இது கத்தியா கண்ணாடியா?" என்றான் வேட்டன். "அசையாம பிடி, மீசையை ஒதுக்கிக்கிறேன்."

ஆற்றுக் காற்றில் பத்தே நாளில் துரு வந்தது. ஆதனின் மனைவி நல்லாள் சொன்னாள்: "புளியைக் கரைச்சுப் பூசி ஒரு பொழுது வையுங்க. கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு துருவை அண்டவிடாது. என் அருவாமணை அப்படித்தானே இருக்கு."

"மறுபடி கறுப்பா?" என்றான் ஆதன்.

மூன்றாவதாகத்தான் நெருப்பு. கத்தியைக் கொடுத்த அன்றே கொல்லன் சொல்லியிருந்தான்: "வைக்கோல் நிறத்துல நிறுத்தித் தண்ணியில தோய்ச்சிருக்கேன். இனிமே இது நெருப்பைப் பார்க்கக் கூடாது. பார்த்தா இரும்பு இளகிடும், கூர் நிக்காது." ஆதன் அதை மறக்கவில்லை. தெரிந்தேதான் ஊதினான்.

கத்தரிப்பூ நிறம் கரைந்து மயில் கழுத்தின் நீலம் எழுந்தது. ஆனால் தடித்த முதுகு நீலமாவதற்குள் மெல்லிய விளிம்பு நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறமாகிவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி காட்டினான். மறுபடி தேய்த்தான். மூன்றாம் முறை கத்தி முழுவதும் ஒரே நீலம்.

பக்கத்துத் துறைக்குப் போகிறவர்களும் அந்தக் கத்தியைப் பார்க்க இந்தத் துறைக்கு வந்தார்கள். ஆதன் அதை உயர்த்துவான், வெயிலில் திருப்புவான், துணியில் சுற்றி வைப்பான்.

"அறுத்துக் காட்டலையே அண்ணே" என்றான் வேட்டன்.

"கீறல் விழும்டா."

"யாரும் கேக்கலையா?"

"யாரும் கேக்கலை."

அது உண்மை. மோர்க் கிழவிகூடக் கேட்கவில்லை. ஒரு மழைக்காலம் போய் ஒரு கோடை போனது. கத்தி ஒரு கயிற்றையும் தொடவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை. துறையில் மழை இல்லை. மேற்கே மலையில் பெய்திருந்தது. ஆதன் கரையில் உட்கார்ந்து கத்திக்கு மான்தோலில் உறை தைத்துக்கொண்டிருந்தான். தோணியையும் கத்தியையும் வேட்டன் கொண்டு போனான். கிழவியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். நடு ஆற்றில் நீர் செந்நிறமாக உயர்ந்து வந்தது.

ஆதன் எழுந்து நின்றான். வேட்டன் பதறவில்லை. கத்தியை எடுத்து, கயிற்றில் வைத்து அறுக்கத் தொடங்கினான். நீல ஒளி முன்னும் பின்னும் போனது. நெடுநேரம் போனது. பிறகு தோணி ஒருபுறம் சாய்ந்தது. பிறகு அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

கிழவி தன் மோர்ப்பானையைக் கவிழ்த்துப் பிடித்துக் கரையேறினாள். வேறு யாரும் ஏறவில்லை.

"குதிக்கட்டுமான்னு கேட்டேன்" என்றாள் ஆதனிடம். "உன் தம்பி, 'உக்காரு ஆத்தா, எங்க அண்ணன் கத்தி இருக்கு'ன்னான். அறுத்துக்கிட்டேதான் இருந்தான்."

மூன்றாம் நாள் நாணல் புதரில் வேட்டன் கிடைத்தான். கை கத்தியை விடவில்லை. விளிம்பு ஈயத் தகடு போல மடிந்திருந்தது. நிறம் மட்டும் கெடாமல் இருந்தது.

நல்லாள் கத்தியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

உயிரைக் காக்க வேண்டிய பொருளைப் பார்வைக்கு வைக்கும் பொருளாக மாற்றுகிறவன், காக்க வேண்டிய நேரத்தில் தன்னவர்களை வெறுங்கையோடு நிறுத்துகிறான்.

தை மாதத்தில் புதுத் தோணி விட்டார்கள். கொல்லன் வேறொரு கத்தி கொடுத்தான். நல்லாள் புளி கரைத்துப் பூசி அதைக் கறுக்க வைத்திருந்தாள். ஆட்கள் ஏறினார்கள். யார் வீட்டு மாடு கன்று போட்டது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆதன் கத்தியை உயர்த்தினான். பழங்கயிற்றில் ஒரு துண்டு அறுத்து நீரில் போட்டான். பிறகு இன்னொரு துண்டு அறுத்துப் போட்டான்.