லண்டன் வீதிகள் வளைந்த கதை

அந்தக் காலத்தில், பன்றிக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாக இருந்தபோது, தேம்ஸ் ஆற்றின் வடகரையில் ஆளில்லாத ஒரு கல்நகரம் கிடந்தது. ரோமானியர் கட்டிவிட்டுப் போனது அது. அதை அறியாத சாக்சன் மக்கள், அரக்கர் கட்டியது என்று நம்பி, மதிலுக்கு வெளியே மேற்கில் கூரை வீடுகளில் குடியிருந்தார்கள். உள்ளே போகிறவர் அரக்கரின் கல்பாதையை விட்டு இறங்கினால் திரும்பிவர மாட்டார் என்றொரு பேச்சும் இருந்தது.

ஒரு நாள் காலை, கொள்ளையர் படகுகள் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்பதாகச் செய்தி வந்தது. நண்பகலில் கடல்நீர் ஆற்றில் ஏறும்; படகுகளும் ஏறும். மதிலுக்குள் ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் உள்ளே குடிநீர் உண்டா? அதைப் பார்த்துவர, மதிலை ஒட்டிக் குடியிருந்த நெசவுக்காரி ஹில்டித்தை அனுப்பினான் ஊர்த்தலைவன் பெர்ன். எண்பது குடும்பங்கள் மூட்டைமுடிச்சுகளோடு வாயிலில் காத்து நின்றன. அவளுடைய பெண்பன்றி மட்டும் கூடப் போயிற்று. பன்றி அல்ல, வாத்து என்று சொல்வோரும் உண்டு; மோப்பம் பிடிப்பது வாத்தால் ஆகாது.

உள்ளே பாதை நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஒரு நாற்சந்தி வந்தது. திரும்பினாள். இன்னொரு நாற்சந்தி, முன்னதைப் போலவே. மறுபடியும் திரும்பினாள். அதே இடிந்த தூண், அல்லது அதைப் போன்ற வேறொன்று. அவள் ஊரில் குயவன் வீட்டு வளைவும் ஆப்பிள் மரத்து முடுக்கும் உண்டு. எங்கே நிற்கிறோம் என்பதைக் காலே சொல்லிவிடும். இங்கே காலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வந்த வாயில் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதுகூடக் குழம்பிப் போயிற்று.

"அம்மணி, இந்தத் தூணில் மூன்றாம் முறையாக முதுகு உரசுகிறேன்" என்றது பன்றி.

"இது வேறு தூண்."

"ஒட்டியிருக்கும் சேறு என்னுடையதாயிற்றே."

ஹில்டித் சேற்றைப் பார்த்தாள். "அப்படியானால் ஊற்று எந்தப் பக்கம்? மூக்கு மட்டும் நீளமாக வைத்திருக்கிறாயே, சொல்லேன்."

"கல்லில் என்ன வாசம் வரும்? கீழே இறங்கு."

"இறங்கினால் அரக்கர்..."

"இறங்காமல் என்ன கண்டாய்? ஊரே வாயிலில் நிற்கிறது. நீ தூணை வலம்வந்துகொண்டிருக்கிறாய்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, பாதையை விட்டுக் காஞ்சொறிப் புதருக்குள் கால் வைத்தாள். முழங்கால்வரை எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பன்றி இடிந்த சுவரைச் சுற்றியது, பள்ளத்தை ஒதுக்கி நடந்தது, ஓர் ஊற்றில் மூக்கை வைத்தது. பிறகு, வாயிலில் நின்ற கூட்டத்தின் வாசம் பிடித்து, அதே கோணல் நடையில் அவளை வெளியே கொண்டுவந்து சேர்த்தது.

நீர் ஏறுமுன் எண்பது குடும்பங்களும் அந்த மிதிதடத்திலேயே உள்ளே நுழைந்தன. கதவு அடைபட்டது. கொள்ளையர் குளிர்காலம் முழுவதும் வெளியே கிடந்தார்கள். உள்ளே, தண்ணீருக்குப் போகும் தடத்தின் இருமருங்கிலும் வீடுகள் எழுந்தன. அரக்கர் பாதை மண்மூடிப் போயிற்று.

கொள்ளையர் போனபின், பெர்ன் கயிறும் முளையுமாக வந்தான். "இனி வீதியை நேராக்கிவிடலாம்."

வாசலில் நின்றபடியே ஹில்டித் கேட்டாள்: "நேராக்கிவிட்டு, என் வீடு எங்கே என்று யாரைக் கேட்பேன், தலைவரே?"

பெர்ன் கயிற்றைப் பார்த்தான், நாற்புறமும் பார்த்தான். அந்த வளைவுகள் இல்லாவிட்டால் தன் வீடு எந்தப் பக்கம் என்று அவனுக்கே ஐயம் வந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டான்.

அன்று முதல்தான் லண்டனின் பழைய மதிலுக்குள் வீதிகள் பன்றி போன போக்கில் வளைந்து கிடக்கின்றன. ஊர்க்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள், வந்தவர்கள்தாம் வழி கேட்டு நிற்கிறார்கள்.