கம்ப்யூட்டர் திறக்கிற வரைக்கும்

மரக்கடை ரத்தினசபாபதி கையில் மைக் கிடைத்துவிட்டால், பந்தியில் சோறு ஆறிப்போனாலும் இறங்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர், கடை மூலையில் தூசி படிந்து கிடந்த ஆதிகாலத்துக் கம்ப்யூட்டரை ஊர் நூலகத்துக்குத் தானம் செய்தார்.

"திறப்பு விழாவில இதுல இப்ப வந்த புது ஓ.எஸ்.தான் ஓடணும். ஓடலைன்னா உன் வேலைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிடுவேன்" என்றார், அங்கே தற்காலிக உதவியாளராக இருந்த செண்பகவல்லியிடம்.

"இந்தப் பழைய மெஷின் அதைத் தாங்காதுங்கய்யா. இதுக்குன்னே லினக்ஸ்னு லேசான ஓ.எஸ். ஒண்ணு பென் டிரைவ்ல வச்சிருக்கேன். காசில்லாமக் கிடைக்குது."

"என் பேரு எழுதின கம்ப்யூட்டர்ல ஓசிச் சரக்கு ஏறக் கூடாது."

"சரிங்கய்யா" என்று அவள் புதியதையே ஏற்றினாள்.

விழாவுக்கு ஊரே வந்திருந்தது. செண்பகவல்லி பட்டனை அழுத்திவிட்டு மைக்கில் சொன்னாள்: "கம்ப்யூட்டர் திறக்கிற வரைக்கும் ஐயா பேசுவாங்க."

ஐயாவுக்கு வாயெல்லாம் பல். தாத்தா தேக்கு வாங்கிய கதையில் தொடங்கினார். திரையில் வட்டம் சுற்றியது. மகள்களுக்கு மாப்பிள்ளை பார்த்த கதைக்கு வந்தார். வட்டம் சுற்றியது. தாத்தாவிடமே திரும்பிப் போனார். முன்வரிசைப் பிள்ளைகள் வட்டத்தைப் பார்த்தபடியே தூங்கிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவருக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை.

மைக்கைப் பொத்திக்கொண்டு, "தாயி, அந்த ஓசியையே போட்டுரு" என்றார்.

அவள் பென் டிரைவைச் சொருகினாள். அவர் சோடா வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் திரை பளிச்சென்று திறந்தது.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே?"

"நீங்க பேசி முடிக்க வேண்டாமாங்கய்யா?" என்றாள் செண்பகவல்லி.