முதலாளியின் காது

டிரைவர் ஆரோக்கியம் சொன்ன இந்தக் கதையை, கூட வேலை பார்த்த துரைக்கண்ணு பல வருஷமாக நம்பவில்லை.

முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காருக்கு அவர் வீட்டு ஷெட்டிலேயே ஆரோக்கியம், டிக் டிக் சத்தம் நிற்பதற்காக இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்தாராம்.

"புளுகாதே! இன்னும் டிக் டிக்னு அடிக்குது. நீ இன்ஜின் மூடியைக்கூடக் கழட்டல. நாளையிலிருந்து வேலைக்கு வராதே," என்று விருந்தாளிகள் எதிரில் கத்தினார் முதலாளி.

"இன்ஜின் ஆறட்டும் ஐயா, மறுபடி பார்த்துடறேன். நீங்க வராந்தாவில காபி சாப்பிடுங்க."

இன்ஜின் ஆறிய பிறகு ஆரோக்கியம் வண்டியைக் கிளப்பினார். முதலாளி காது கொடுத்துக் கேட்டார்.

"இப்பத்தான்டா ஒழுங்கா செஞ்சிருக்கே! சத்தமே இல்லை. என் காதை ஏமாத்த முடியுமா?"

"நான் எதையும் தொடலீங்க ஐயா. இவ்வளவு நேரமும் வராந்தாவில இருந்த என் ஸ்பேனர் பெட்டி மேலதானே காலை நீட்டியிருந்தீங்க?"

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். வேலையும் தப்பியது.

போன வாரம் துரைக்கண்ணு கேட்டேவிட்டார்: "அண்ணே, அந்த முதல் தடவையாவது மூடியைக் கழட்டினீங்களா?"