முத்திரைக் கோழிகள்

முன்னொரு காலத்தில், சிரிப்புக்கும் கோபத்துக்கும் ஒரே முகம் வைத்திருந்த அரசன் ஒருவன் இருந்தான். உதடு விரியும், கண் சுருங்கும். அடுத்து வருவது பரிசா தண்டனையா என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கே தெரியாது. அந்த முகத்தைச் சிரிக்க வைப்பதுதான் மாசிலாமணியின் வேலை. சபையில் விகடம் பேசும் அவன் பயம் அறியாதவன் என்று ஊர் நம்பியது. சபைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவன் வாசல்வரை போய்த் திரும்பி வந்து தண்ணீர் குடிப்பது அவன் மனைவி வடிவுக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை மலைநாட்டுத் தலைவன் அரசனுக்கு நான்கு கருங்கோழிகளைக் காணிக்கையாக அனுப்பினான். அவை நந்தவனத்து மல்லிகைப் பாத்திகளைக் கிளறிப் போட்டன. அரசிக்குப் பொறுக்கவில்லை. அரசனுக்கோ அவற்றை விட மனமில்லை.

"நான் வேட்டைக்குப் போய்த் திரும்பும்வரை இவை எங்கே இருப்பது?" என்று சபையில் கேட்டான்.

அரண்மனை மணியக்காரர் கேசவராயர் முன்னால் வந்தார். தாம் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பெறாத புன்னகையை ஒருவன் ஒரே வாக்கியத்தில் பெறுவதைப் பார்த்துப் பார்த்துக் கசந்துபோனவர் அவர். மாசிலாமணியின் வீடு அவருடைய தோட்டத்துப் பின்சுவரை ஒட்டி இருந்தது. அதன் கொல்லையில் ஒரு துவைகல்லும் தண்ணீர்த் தொட்டியும் போக, ஓர் ஆள் திரும்ப மட்டுமே இடம் உண்டு என்பதை அவர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

"மாசிலாமணியார் வீட்டில் இருக்கட்டும், மகாராஜா. மலைக்கோழி அடைத்து வைத்தால் செத்துவிடும். பகலில் மண்ணைக் கிளறியாக வேண்டும். ஆனால் அரசரின் கோழி அடுத்தவர் மண்ணில் இரை தேடினால் அரண்மனைக்கு இழுக்கு. காலில் ராஜமுத்திரை வளையமும் பூட்டிவிடலாம். பிறகு ஒன்றுக்குத் தீங்கு நேர்ந்தாலும் அது ராஜத்துரோகம்."

"நல்ல யோசனை" என்றான் அரசன். "ஒன்று குறைந்தாலோ, அடுத்தவர் மண்ணை மிதித்தாலோ உன் தலை போகும், மாசிலாமணி. சம்மதந்தானே?" உதடு விரிந்தது.

"என் தலை போனால் வீட்டில் அவ்வளவு இடம் மிஞ்சும், மகாராஜா. கோழிகளுக்கு உதவும்."

சபை சிரித்தது. மாசிலாமணியின் நாக்கு வறண்டிருந்தது. வேடிக்கை அவனுக்குத் துணிச்சலில் பிறப்பதில்லை. துரத்தப்படுகிறவன் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறியும் கல் அது.

வீட்டில் வடிவு அடுக்களைச் சுவருக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினாள். உடைந்த பானைகளில் வைக்கோலைப் போட்டு உறியில் தொங்கவிட்டாள். தரையில் இல்லாத இடத்தை அவள் மேலே கண்டுபிடித்தாள். இருட்டியதும் கோழிகள் மூங்கிலில் ஏறி அடைந்தன. பகல்தான் கொடுமை. துவைகல்லைச் சுற்றிக் கல்தரையைக் கீறிப் பார்த்தன. பிறகு ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்கின. நான்காவது கோழி தொட்டியடியில் ஒடுங்கிக் கண்ணை மூடிக்கொண்டது.

"இதுக்கு மண்ணு வேணுங்க" என்றாள் வடிவு. "தானியம் போட்டா ஆகாது. கிளறணும், புழுதியில புரளணும். இல்லன்னா ரெண்டு நாள் தாங்காது."

அந்தக் கோழியின் கழுத்து மெல்லத் தொங்குவதையே மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தான். தன் கை தன் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பதைப் பிறகுதான் உணர்ந்தான். சுவருக்கு அப்பால் மணியக்காரரின் வாழைத்தோட்டம். ஈரமண் வாடை வந்தது. கோழிகளும் அந்தப் பக்கமே கழுத்தை நீட்டின.

அப்போது அவனுக்கு உழவன் பெரியாண்டியின் நினைவு வந்தது. போன வருஷம் நெற்றியில் முத்திரைப் பட்டம் கட்டிய அரண்மனை யானை பெரியாண்டியின் கரும்புக்குள் புகுந்தது. அவன் கம்பெடுத்து விரட்டினான். தீர்ப்புச் சொன்னவர் கேசவராயர். அன்று பெரியாண்டியின் வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. சபையில் நின்ற மாசிலாமணிக்கு அன்று ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை. அந்தத் தீர்ப்பின் சொற்கள் மட்டும் முள்போல உள்ளே தங்கியிருந்தன.

அவன் ஒரு பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தான்.

"என்ன பண்றீங்க? அந்தப் பக்கம் மணியக்காரர் தோட்டம். தலை போயிரும்."

"இது செத்தாலும் போகும், வடிவு. அப்படிப் போனா பேச எனக்கு ஒண்ணும் இருக்காது. இப்படின்னா ஒரு வார்த்தை இருக்கு."

"அந்த வார்த்தைய ராஜா ஏத்துக்கலன்னா?"

அவன் பலகையை இன்னும் அழுத்திச் சாய்த்தான். கோழிகள் பலகையில் ஏறி அந்தப் பக்கம் குதித்தன.

கேசவராயர் பார்த்தார். விரட்டப் போன வேலைக்காரர்களைத் தடுத்தார். "மேயட்டும். மகாராஜா வந்து கண்ணால் பார்க்கட்டும்." கோழிகளுக்குத் துணிவு வந்தது. வாழையடியிலிருந்து கூடத்துக்கு வந்தன. ஒன்று அவருடைய பட்டு மெத்தையில் முட்டையிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

அரசன் திரும்பிய அன்றே சபை கூடியது.

"நான்கும் என் மண்ணில்தான் நிற்கின்றன, மகாராஜா. ஊரே சாட்சி" என்றார் கேசவராயர்.

வாசலில் நின்ற காவலர்கள் உள்ளே நகர்ந்தார்கள். மாசிலாமணி அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் ஓர் அடி முன்னால் வந்தான்.

"என்ன சொல்கிறாய்?" என்றான் அரசன்.

"மணியக்காரரின் மண்ணை அவை மிதிக்கவே இல்லை, மகாராஜா. 'முத்திரை பூண்ட உயிர் எங்கே நிற்கிறதோ, அது நிற்கும்வரை அந்த இடம் அரசரின் இடம்.' பெரியாண்டி வழக்கில் இந்தச் சபையில் அவர் சொன்ன தீர்ப்பு இது. கோழிகளுக்கு முத்திரை பூட்டச் சொன்னவரும் அவரே. ஆகவே அவை மகாராஜாவின் மண்ணைத்தான் கிளறின. மகாராஜாவின் மெத்தையில்தான் முட்டையிட்டன. இல்லை, அது மணியக்காரரின் மண்தான் என்றால், யானை நின்ற கரும்புக்காடும் பெரியாண்டியின் மண்தான். அப்படியானால் அந்தக் கை..."

அதற்குமேல் அவனால் முடியவில்லை. கேசவராயர் வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் பேசினாலும் தமக்கே குழி என்று புரிந்து மூடிக்கொண்டார். அரசனின் உதடு விரிந்தது. கண் சுருங்கியது. அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

பிறகு அரசன் சிரித்தான். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதன் பிறகே சபைக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது.

"அந்த வாழைத்தோட்டம் இனி உன்னுடையது. சுவரை இடித்துக்கொள். கோழிகளும் உனக்கே. வேறு என்ன வேண்டும், கேள்."

"அவற்றின் கால் வளையங்களைக் கழற்ற உத்தரவு வேண்டும், மகாராஜா."

"வெள்ளி வளையமடா அது."

"பாரமாக இருக்கிறது."

அரசன் இன்னொருமுறை சிரித்துவிட்டுத் தலையசைத்தான்.

மாலையில் சுவர் இடிந்து கிடந்தது. வெறுங்கால் கோழிகள் வாழையடிப் புழுதியில் புரண்டன. வடிவு இடிந்த கற்களின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியாண்டி விஷயத்துக்கு ராஜா என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

அவள் காலடியில் கிடந்த கல் ஒன்றைப் புரட்டிப் போட்டாள். பிறகு நான்காவது கோழியைக் காட்டினாள். அது இன்னும் கொஞ்சம் தள்ளாடித்தான் நடந்தது.

"இது பொழைக்குமான்னு தெரியலங்க. செத்துப்போச்சுன்னா?"

"செத்துப்போச்சுன்னா," என்று மாசிலாமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான், "கோழி மட்டும்தான் சாகும்."