ஆள்காட்டி கத்தாத பங்குனி

வண்டலேரியில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. பங்குனி வெயில். நடு ஏரியில் நின்ற கருவேல மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. மரங்களின் மேல் கூழைக்கடாக்களின் கூடுகள். கோரைப் புதர்களுக்குள் தாழைக்கோழிகள். திறந்த நீரில், குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து இன்னும் திரும்பிப் போகாத சிறகி வாத்துகள். கரையில், வெறுந்தரையில், ஆள்காட்டி.

ஆள்காட்டியின் வேலை கத்துவது. நரி வந்தால் கத்தும். நாய் வந்தால் கத்தும். வலைக்காரன் வந்தால் கத்தும். காற்றில் பிளாஸ்டிக் பை உருண்டு வந்தாலும் கத்தும்.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள்காட்டி கத்தினால் காரணம் கேட்கக் கூடாது. முதலில் பறக்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும். வந்தது வெறும் பைதான் என்று தெரிந்தால் பறவைகள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து இறங்கும்.

"என்ன அக்கா, ஒரு பைக்கா இந்தக் கத்து!" என்று தாழைக்கோழி கேலி செய்யும். அதற்கு மூன்று குஞ்சுகள். மூன்றும் இன்னும் பறக்கப் பழகாதவை.

"பைக்குப் பின்னால நரி வந்தா? அப்ப வந்து கேளு!"

"அதுவும் சரிதான் அக்கா!"

வீணாகக் கத்தியதற்காக ஆள்காட்டியை யாரும் கோபித்ததில்லை.

அந்தப் பங்குனியில் ஒரு கொக்கு செத்தது. கணுக்கால் ஆழ நீரில் நின்றுகொண்டிருந்தது. கழுத்து மெல்லச் சாய்ந்தது. அதைத் தூக்க முயன்றது, முடியவில்லை. அலகு நீருக்குள் போயிற்று. அவ்வளவுதான். அடுத்து ஒரு நாரை. அடுத்து ஒரு சிறகி. எல்லாவற்றுக்கும் முதலில் கழுத்துதான் விழுந்தது.

செத்தவை வெயிலில் ஊதின. ஈ மொய்த்தது. வெள்ளைப் புழுக்கள் நெளிந்து நீரில் உதிர்ந்தன. கோடையில் பூச்சி கிடைக்காமல் அலைந்த பறவைகளுக்கு அது விருந்து. பிணத்தைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்றது.

ஆள்காட்டி கரையில் நடந்துகொண்டே இதைப் பார்த்தது. புழுவைத் தின்ற பறவைகளின் கழுத்துதான் பிறகு விழுந்தது. எல்லாவற்றுக்கும் அல்ல. ஆனால் விழுந்தவை எல்லாம் புழு தின்றவை.

அது நேரே கருவேல மரத்துக்குப் பறந்தது. அங்கே ஏரிக்குப் பெரியவரான கூழைக்கடா உட்கார்ந்திருந்தது.

"பெரியவரே, பிணத்துப் புழுவைத் தின்னதுதான் சாகுதுன்னு தோணுது."

கூழைக்கடா அலகுப் பையை ஒருமுறை ஆட்டியது. "தோணுதா? தெரியுமா?"

"தோணுது. முழுசாத் தெரியலை."

"முழுசாத் தெரியாததைச் சொல்லி ஏரியைக் கலைக்கப் போறியா?"

ஆள்காட்டி கீழே கிடந்த பிணங்களைப் பார்த்தது.

"இங்கே பாரு" என்றது கூழைக்கடா. கூட்டில் அதன் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இறகு பாதிதான் முளைத்திருந்தது. "கீழே இத்தனை கூட்டம் இருக்கறதாலதான் பருந்து கிட்ட வர்றதில்லை. நீ ஒரு குரல் விட்டா எல்லாம் பறந்துடும். உன் குரலுக்கு அவ்வளவு மரியாதை. அப்புறம் இதுகளை யார் காப்பாத்தறது? என் குஞ்சுகளை மட்டும் சொல்லலை. மரம் முழுக்கக் குஞ்சுங்க."

"யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"வெயில் சோர்வுன்னு சொல்லு."

"அது பொய் இல்லையா?"

"வெயில் அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது."

"சோர்ந்து விழுதா இல்லையா?"

"விழுது."

"பின்னே என்ன! பீதியைக் கிளப்பாம இருக்கறதும் ஒரு சேவைதான்!"

ஆள்காட்டி கரைக்குத் திரும்பியது. குஞ்சுகளை நினைத்துத்தான் வாயை மூடுகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. பெரியவர் தன் குரலைப் பாராட்டியது பிடித்திருந்தது என்பதும் உண்மை.

தாழைக்கோழி குஞ்சுகளோடு கரையோரம் வந்தது. "அக்கா, உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். பக்கத்துப் புதர்க்காரி காலையில கழுத்து விழுந்து போயிட்டா. எனக்குப் பயமா இருக்கு. இதுகளுக்குத் தர வேற தீனியும் இல்லை. அந்தப் புழுவைத் தரலாமா?"

குஞ்சுகள் மூன்றும் ஆள்காட்டியின் கால்களுக்கிடையே புகுந்து விளையாடின.

"வெயில் சோர்வுதான்" என்றது ஆள்காட்டி. "ஒண்ணுமில்லை."

"நீ சொன்னாப் போதும்!" என்றது தாழைக்கோழி. அது குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நாரையின் பிணத்தை நோக்கி நீந்தியது.

ஆள்காட்டி பார்த்துக்கொண்டு நின்றது. கூப்பிட வாய் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டது.

முதலில் கடைக்குட்டிக்குக் கால் இழுத்தது. பிறகு கழுத்து விழுந்தது. தாழைக்கோழி தன் அலகால் அதன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நீந்தியது. அலகு வலித்து ஒரு கணம் விட்டபோது தலை நீருக்குள் போயிற்று.

ஆள்காட்டி மறுபடி கருவேல மரத்துக்குப் போனது. "பெரியவரே, இனிமே பொறுக்க முடியாது. சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"புழுதான் காரணம்னு."

"நேத்து வெயில்னு சொன்ன வாய் இன்னிக்குப் புழுன்னு சொல்லும். உன்னை யார் நம்புவாங்க? உன் குரல் கெட்டுப் போச்சுன்னா, நாளைக்கு நரி வரும்போது யார் பறப்பாங்க? யோசிச்சுப் பாரு!"

ஆள்காட்டி யோசித்தது. தன் குரலைக் காப்பாற்றுவதற்காக இன்னும் கொஞ்ச நாள் கத்தாமல் இருந்தது.

ஆள்காட்டி பேசாத ஏரியில் காக்கை பேசத் தொடங்கியது.

காக்கை பிணத்தின் மேலேயே உட்கார்ந்து பேசியது. "வெயில் சோர்வாம்! போன வருஷம் வெயில் அடிக்கலையா? பங்காளிகளா, கேளுங்க. இதைக் கொண்டுவந்தது யாரு? வடக்கேயிருந்து வந்தவங்க! எந்த ஊர்த் தண்ணியில என்னத்தைக் குடிச்சாங்களோ!"

"நேரில பாத்தியா?" என்று கேட்டது ஒரு முக்குளிப்பான்.

"பாக்கணுமா? மூக்கு இல்லையா உனக்கு!"

காக்கைக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை. பயந்திருந்தவற்றுக்கு அது ஆறுதலாக இருந்தது. யாரைத் துரத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடுகிறது.

எல்லாம் சேர்ந்து சிறகிகளைக் கொத்தின. தாழைக்கோழிதான் முதலில் போய்க் கொத்தியது.

"நாங்க கொண்டுவந்திருந்தா எங்களில ஏன் இத்தனை பேர் செத்தோம்?" என்று கத்தியது ஒரு கிழட்டுச் சிறகி.

"அதுதாண்டா உங்க தந்திரம்!" என்றது காக்கை.

சிறகி கரையைப் பார்த்தது. "ஆள்காட்டி! நீ நாள் பூரா நடக்கிறவ. எல்லாம் பாக்கிறவ. நீயாவது சொல்லு!"

ஆள்காட்டி ஒற்றைக்காலில் நின்று இறகைக் கோதியது.

சிறகிகள் எழுந்து பறந்தன. பலவற்றின் உடம்பில் ரத்தம். ஆனால் உயிரோடு போயின. நீரில் இருந்தவற்றில் கூட்டமாகப் பிழைத்துப் போனவை அவை மட்டும்தான்.

சிறகிகள் போன பிறகும் சாவு நிற்கவில்லை. துரத்தியவை அதைப் பற்றிப் பேசவில்லை. தாழைக்கோழியின் இரண்டாவது குஞ்சு செத்தது.

இதற்கிடையில் கூழைக்கடாவின் குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்தது. ஒரு காலை அவை மரத்திலிருந்து எழும்பி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றின. கூழைக்கடா கரைக்கு மேலே தாழப் பறந்து வந்தது.

"நாங்க கெளம்பறோம். இனிமே நீ கத்திக்கோ!" என்றது.

ஆள்காட்டி கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. அத்தனை நாள் விழுங்கிய கத்தல் எல்லாம் வெளியே வந்தது.

ஒரு பறவையும் எழவில்லை.

எல்லாத் தலைகளும் திரும்பி அதைப் பார்த்தன. பிறகு வானத்தைப் பார்த்தன. அங்கே கூழைக்கடாக் கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

"எதுக்குக் கத்தறே?" என்றது முக்குளிப்பான். பறக்காமல் காரணம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"புழுவைத் தின்னாதீங்க! பிணத்துப் புழுவிலதான் சாவு இருக்கு! கரையைத் தாண்டினா கல்குவாரிக் குட்டை. அதுல நல்ல தண்ணி இருக்கு. அங்கே போயிடுங்க!"

"குவாரிக்குக் குஞ்சுகளோட நடந்து போற வழியில நாய் இருக்கே?"

"இருக்கு. நான் முன்னால போய்ப் பாத்துக் கத்தறேன்."

காக்கை சிரித்தது. "கேட்டீங்களா பங்காளிகளா! இருக்கிற ஒரே தீனியை விட்டுட்டு நாய் வாயில போய் விழணுமாம்! நான் தினமும் புழு தின்கிறேன். பிணத்தையும் சேர்த்துத் தின்கிறேன். எனக்கு என்ன ஆச்சு? கழுத்தைப் பாருங்க!" அது கழுத்தை வலமும் இடமும் திருப்பிக் காட்டியது. உண்மையில் காக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சில வயிறுகளுக்கு எதுவும் ஆவதில்லை.

"அது காக்கை வயிறு. நம்ம வயிறு வேற!" என்றது ஆள்காட்டி.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

கேட்டது தாழைக்கோழி. அதன் பின்னால் மிச்சமிருந்த ஒரே குஞ்சு நின்றது.

ஆள்காட்டி அந்தக் குஞ்சைப் பார்த்தது. "முதல்லயே ஒரு சந்தேகம் இருந்தது" என்றது.

"நான் வந்து கேட்டப்போ?"

"அப்பவும் இருந்தது."

"அப்போ வெயில்னே."

"பெரியவர் சொல்லச் சொன்னார்."

"இப்போ கத்தச் சொன்னது யாரு?"

அதற்கும் ஆள்காட்டியிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் தெற்கே வானத்தைப் பார்த்தது.

பறவைகள் பிணங்களுக்குத் திரும்பின. அங்கே இரண்டு விதமான பேச்சு நடந்தது. புழுவை எல்லாம் தனக்கு வைத்துக்கொள்ளத்தான் ஆள்காட்டி கத்துகிறது என்றன சில. நாய்களோடு அதற்கு ஏதோ பேச்சு இருக்கிறது என்றன சில. இரண்டையும் நம்பியவையும் உண்டு.

தாழைக்கோழி குஞ்சோடு நீந்தியது. ஆள்காட்டி ஆழமில்லாத நீரில் ஓடிப்போய் முன்னால் நின்றது. இறக்கைகளை விரித்து வழியை மறித்தது.

"என்னைத் திட்டு. கொத்து. ஆனா இதுக்கு மட்டும் கொடுக்காதே!"

"தள்ளு."

"ஒரே ஒரு நாள் பட்டினி போடு. நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா அப்புறம் கொடு!"

"பட்டினி கிடந்து செத்தா அதுக்கு என்ன பேர் வைப்பே? அதுவும் வெயிலா?"

தாழைக்கோழி கொத்தியது. ஆள்காட்டி நகரவில்லை. மறுபடி கொத்தியது. ஆள்காட்டியின் கண்ணுக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் இறங்கியது. மற்றப் பறவைகளும் வந்து சேர்ந்துகொண்டன. சிறகிகளைத் துரத்திய பழக்கம் அவற்றுக்கு இன்னும் போகவில்லை. ஆள்காட்டியைக் கரைவரை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டன.

அங்கே கிடந்தபடி அது பார்த்தது. குஞ்சு புழுவைக் கொத்தியது. ஒன்று. பிறகு ஒன்று. பசித்திருந்த குஞ்சு. சந்தோஷமாகத் தின்றது.

அது சாக அதிக நேரம் ஆகவில்லை.

தாழைக்கோழி குஞ்சை நீரில் விடவில்லை. அலகால் கவ்விக் கரைக்குக் கொண்டுவந்து, ஆள்காட்டிக்குப் பக்கத்தில் போட்டது. சண்டைக்கு வரவில்லை. அதன் காலிலும் ஒரு நடுக்கம் தொடங்கியிருந்தது.

ஏரியில் அங்கங்கே கழுத்துகள் சாய்ந்துகொண்டிருந்தன.

"இப்பத்தான் நீ சொன்னது நிஜம்னு தெரியுது" என்றது தாழைக்கோழி. "ஆனா எனக்கு ஒண்ணு புரியலை."

"என்ன?"

"நான் அன்னிக்கு வந்து கேட்டேனே. அப்போ உனக்கு முழுசாத் தெரியாதுதானே?"

"தெரியாது."

"அதையே சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியலை, ஆனா பயமா இருக்குன்னு. அது போதுமே எனக்கு. நான் இதுகளை வேற எங்காவது கூட்டிக்கிட்டுப் போய்க் கிளறியிருப்பேன். கோரைக் கிழங்காவது கிடைச்சிருக்கும்."

"நீ பயந்துடுவேன்னு நெனைச்சேன்."

"பயந்திருப்பேன். பயந்தாத்தானே பிழைக்க முடியும்? நாங்க பயப்படறதுக்குத்தானே நீ இருக்கே?"

தாழைக்கோழி அதை அக்கா என்று கூப்பிடவில்லை. குஞ்சின் ஈர இறகை அலகால் நீவி நேர்செய்தது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் நீவும்போது அதன் கழுத்து சாய்ந்தது. அதைத் தூக்க முயன்றது, முடியவில்லை.

பயந்துவிடுவார்கள் என்று ஊருக்கு உண்மையை மறைத்தவனின் சொல், ஊரைக் காப்பாற்ற வேண்டிய நாளில் காக்கையின் சொல்லுக்கும் கீழே போய்விடும்.