மடிக்காத இலை

ஊருக்கே சோறு போடுவதிலும், அந்தச் சோற்றோடு உபதேசத்தையும் சேர்த்துப் பரிமாறுவதிலும் மிராசுதார் தாண்டவராயருக்கு அலாதிப் பிரியம்.

அன்றைக்குப் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டு, அவர் எழட்டும் என்று காத்திருந்தார்கள். எச்சில் இலை எடுக்கும் வெள்ளையம்மா, அண்டாவில் மிஞ்சிய சோற்றைத் தன் தூக்குச்சட்டியில் அள்ளுவதை அவர் பார்த்துவிட்டார்.

"இங்கே வயிறு நிறையப் போடுகிறேன், அது போதாமல் வீட்டுக்கு வேறு! ஏழைகள் ஏழைகளாகவே இருப்பது இந்த ஆசையால்தான். போதும் என்று சொல்லத் தெரிய வேண்டும்" என்றவர், சமையல்காரர் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்று" என்றார். அது நாலாவது தடவை.

பிறகு வெள்ளையம்மாவிடம், "இந்தப் பந்தியில் உன்னைவிட ஆசை பிடித்த ஆள் ஒருத்தரைக் காட்டு. காட்டினால் சட்டியோடு போகலாம். இல்லையென்றால் இனி இந்தப் பக்கமே வராதே" என்றார்.

"படுத்துக் கிடக்கிற என் வீட்டுக்காரருக்குத்தாங்க அள்ளினேன்" என்றாள் அவள். "ஆளுங்க மனசெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சது இலைதான். போதும்னு ஆனவங்க இலையை மடிச்சிடுவாங்க. இங்க எல்லா இலையும் மடிச்சாச்சு. ஒண்ணுதான் விரிஞ்சு கிடக்கு."

பந்தி மொத்தமும் அவர் இலையைத் திரும்பிப் பார்த்தது. தாண்டவராயர் பதறிப்போய் இலையைத் தம் பக்கமாகச் சட்டென்று மடித்தார். நாலாவது பாயசம் முழுவதும் பட்டு வேட்டியில் வழிந்தது.

சமையல்காரர் பழக்கதோஷத்தில் வாளியோடு ஓடிவந்து, "இன்னும் ஊற்றட்டுங்களா?" என்றார்.

"போதும்! போதும்!" என்று அலறினார் தாண்டவராயர்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் வெள்ளையம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.